சிதம்பரத்துக்குப் போன கஞ்சி

"இந்த வாரம் கஞ்சிய சிதம்பரத்துக்குக் கொண்டுட்டுப் போவலாம்" என்று கிருபாவதி சொன்னதும், பாயில் உட்கார்ந்திருந்த பெண்கள் எல்லோரும் குனிந்து அவரவர் சேலைத் தலைப்பைப் பார்க்க ஆரம்பித்தார்கள். காரணம் எல்லோருக்கும் தெரியும். தெரியாதவள் சத்யப்பிரியா ஒருத்திதான். கல்யாணமாகி இந்தச் சபைக்கு வந்து நாலைந்து மாதம்தான் ஆகிறது, அவளை என்ன சொல்வது.

"ஏன் செக்ரட்டரியம்மா, அவ்ளோ தூரம்? நம்ம ஊரு ஆஸ்பத்திரியிலயே கஞ்சி பத்த மாட்டேங்குது. சிதம்பரத்துல நமக்கு யாரு இருக்கா?" என்று கேட்டுவிட்டாள்.

நல்லாக் கேட்டாள் போங்கள். பக்கத்தில் இருந்த அமிர்தம் அவள் தொடையில் ஒரு கிள்ளு கிள்ளினாள். சத்யப்பிரியா எதற்குக் கிள்ளு வாங்கினோம் என்று தெரியாமலே வாயை மூடிக்கொண்டாள்.

கிருபாவதி முகத்தில் ஒரு சலனமும் இல்லை. "கடலூர்ல கஞ்சி ஊத்துறவங்க ஜாஸ்தியாயிட்டாங்க. செவ்வாக்கெழம ஒரு டிரஸ்டுக்காரங்க, வெள்ளிக்கெழம வேற யாரோ. சிதம்பரத்துல நோயாளிங்க கூட வந்து கெடக்குற ஜனத்துக்கு ஒரு நாதி இல்லியாம். விசாரிச்சேன்" என்றாள்.

யாரிடம் விசாரித்தாள் என்று ஒருத்தியும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் கிருபாவதியிடம் பதில் இருந்திருக்காது. பொய் சொல்லிப் பழக்கமில்லாத மனுஷி, ஒரு பொய்க்கு மேல் இரண்டாவது பொய் தயார் செய்து வைத்துக்கொள்ளத் தெரியாது.

"நானும் இதத்தான் நெனச்சிக்கிட்டே இருந்தேன்" என்றாள் அமிர்தம், என்னமோ நேற்று ராத்திரி முழுக்க சிதம்பரத்தைப் பற்றியே யோசித்தவள் மாதிரி. "ஆனா இங்க உள்ளவங்களையும் விட்டுடக் கூடாது. பாதிப் பேரு சின்ன அண்டாவோட மஞ்சக்குப்பம் ஆஸ்பத்திரிக்குப் போங்க. நாம பெரிய அண்டாவோட சிதம்பரம் போவம். கதிரவன்கிட்ட வண்டிக்கு நான் சொல்லிடுறேன்."

கூட்டம் முடிந்து கிருபாவதி ஜெபம் செய்தாள். எப்போதும் சுருக்கமாக முடிப்பவள் அன்றைக்கு நீட்டினாள். ஆஸ்பத்திரிகளில் இருக்கிற வியாதியஸ்தரை எல்லாம் வேண்டி முடித்துவிட்டு, பிள்ளை பெற்றுப் படுத்திருக்கிற பெண்களுக்கும், எடை குறைவாகப் பிறந்த பச்சைக் குழந்தைகளுக்கும் தனியாக ஒரு வேண்டுதல் வைத்தாள். அந்த இடத்தில் பெண்கள் சொன்ன ஆமென் கோயில் வாசல்வரைக்கும் கேட்டது.

கடலூர் முதுநகரில் அந்தச் சபையின் மாதர் ஐக்கிய சங்கம் செய்கிற காரியம் பெரிய காரியம் ஒன்றுமில்லை. கைப்பிடி அரிசிதான். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். உலை வைக்கும்போதெல்லாம், அளந்த அரிசியிலிருந்து ஒரு கைப்பிடி எடுத்து ஒரு டப்பாவில் போட்டுவிட வேண்டும். அது கடவுளுக்கு. ஞாயிற்றுக்கிழமை அந்த டப்பாவைக் கோயிலுக்குக் கொண்டுவந்து சாக்கில் கொட்டுவார்கள். சில சபைகளில் அந்த அரிசியை ஏலம் விட்டுப் பணமாக்குவது உண்டு. இவர்கள் அப்படிச் செய்வதில்லை. வியாழக்கிழமை தோறும் அதையே கஞ்சியாகக் காய்ச்சி, அரசு ஆஸ்பத்திரியில் நோயாளிகளுக்குத் துணையாக வந்து கிடப்பவர்களுக்கு ஊற்றுவார்கள்.

இதில் ஒரு வில்லங்கம் உண்டு. பத்து வீட்டு அரிசி பத்து விதமாக இருக்கும். ஒரு வீட்டில் ரேஷன் புழுங்கல், ஒரு வீட்டில் பொன்னி, ஒரு வீட்டில் இட்லி அரிசி, ஒருத்தி பச்சரிசியைக் கொண்டுவந்து கொட்டியிருப்பாள். ஒன்று குழைந்து கூழாகும்போது இன்னொன்று அப்போதுதான் சூடேறிக்கொண்டிருக்கும். சோறாக வடித்தால் நாய்கூடத் திரும்பிப் பார்க்காது. அதனால்தான் கஞ்சி. என்னதான் காய்ச்சினாலும் நடு நடுவே சில பருக்கைகள் விறைத்துக்கொண்டு பல்லில் மாட்டும். பத்தாததற்கு இந்தக் கஞ்சியில் ஒரு வாசனை வேறு வரும், சீரகச் சம்பா வாசனை. அது கிருபாவதியின் பக்கத்து வீட்டு சுல்தானாவின் கைங்கரியம்.

கிருபாவதியின் மகள் பியூலாவுக்கு எட்டு வயது இருக்கும்போது, அம்மாவின் டப்பாவைத் தூக்கிக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போய், "ஆன்ட்டி, சாமிக்கு அரிசி போடுங்க" என்று கேட்டுவிட்டாள். சுல்தானா அன்றைக்கு பிரியாணிக்குச் சீரகச் சம்பாவை ஊறப்போட எடுத்து வைத்திருந்தாள். அதிலேயே ஒரு கைப்பிடி போட்டாள். மகள் போய்க் கேட்டதற்காக கிருபாவதிக்கு வெட்கமாகப் போய்விட்டது. சுல்தானாவோ, "இருக்கட்டுங்கா, எங்க நோன்புக் கஞ்சிய நீங்க வருஷா வருஷம் குடிக்கிறீங்கல்ல" என்று சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து அந்த வீட்டு டப்பா தனியாக வந்துகொண்டிருக்கிறது.

அரிசியில் கல் பொறுக்குகிற வேலையும் பியூலாவுடையதுதான். புதன்கிழமை பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் முறத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். பெரியவளாகி சிதம்பரம் அண்ணாமலை நகரில் படிக்கப் போன பிறகும் புதன்கிழமை சாயங்காலம் எப்படியாவது ரயிலைப் பிடித்து வந்துவிடுவாள். அப்படி ஆசையாகத்தான் வருகிறாள் என்று கிருபாவதி நினைத்துக்கொண்டிருந்தாள். ஒரு புதன்கிழமை வரவில்லை. சிதம்பரத்தில் தெற்கு வீதியில் பூஜைச் சாமான் கடை வைத்திருக்கிற குடும்பத்துப் பையன் சிவகுருவை ரெஜிஸ்டர் ஆபீசில் கல்யாணம் செய்துகொண்டாள் என்ற சேதிதான் வந்தது.

மற்ற அம்மாக்களாக இருந்தால் அழுது, ஒப்பாரி வைத்து, ஆறு மாதத்தில் சமாதானமாகியிருப்பார்கள். கிருபாவதியால் முடியாததற்கு ஒரு காரணம் இருந்தது. அதற்கு இரண்டு வருஷம் முன்னால் அமிர்தத்தின் மகன் சபைக்கு வெளியே ஒரு பெண்ணைக் கட்டிக்கொண்டான். அப்போது அமிர்தம்தான் சங்கத்துக்குச் செக்ரட்டரி. "பெத்த புள்ளைய வளக்கத் தெரியாதவங்க பொறுப்புல இருக்கக் கூடாது" என்று கூட்டத்தில் எழுந்து நின்று சொன்னவள் கிருபாவதி. அமிர்தம் அங்கேயே சங்கத்துச் சாவியை எடுத்து வைத்துவிட்டாள். அந்தச் சாவி இப்போது கிருபாவதியின் இடுப்பில் இருக்கிறது. இந்த அழகில் தன் மகள் விஷயத்தில் எப்படி இறங்கி வருவது?

"இனி என் வாசப்படிய மிதிக்காத" என்று மகளிடம் போனில் சொன்னாள். சொன்ன வார்த்தையைக் காப்பாற்றவும் செய்தாள். பியூலா ஏழு மாதக் கர்ப்பமாக இருக்கும்போது ஒரு தடவை போன் அடித்தாள். திரையில் மகள் பேர் வந்தது. கிருபாவதி அதைப் பார்த்துக்கொண்டே நின்று, கடைசியில் கட் செய்துவிட்டாள். அதன் பிறகு அந்தப் பேர் திரையில் வரவில்லை.

திங்கட்கிழமை காலை சுல்தானா மதில்மேல் எட்டிப் பார்த்துச் சொன்னாள்: "கிருபாக்கா, பியூலாவுக்குப் பொம்பளப் புள்ள பொறந்துருக்கு. நாள் வர்றதுக்கு முன்னாடியே ஆபரேஷன் பண்ணிட்டாங்களாம். புள்ள எட கம்மியாம், கண்ணாடிப் பெட்டியில வச்சிருக்காங்களாம். சிதம்பரத்துல பெரியாஸ்பத்திரியில இருக்குறா."

"என்கிட்ட எதுக்குச் சொல்ற?" என்றாள் கிருபாவதி.

"சும்மா சொல்றேன். செவுத்துக்கிட்ட சொல்ற மாரி சொல்றேன்" என்று சொல்லிவிட்டு சுல்தானா உள்ளே போய்விட்டாள்.

கிருபாவதி அடுப்படிக்குப் போய் உலை அரிசியை எடுத்தாள். கைப்பிடி அரிசியை எடுத்து டப்பாவில் போட்டாள். மறுபடி ஒரு கைப்பிடி எடுத்துப் போட்டாள். மறுபடியும் ஒன்று. கடைசியில் பார்த்தால் உலையில் போட அரிசி இல்லை. அன்றைக்கு அவள் சாப்பிடவில்லை, தரையில் உட்கார்ந்து அழுதாள். பேத்தியைப் பார்க்க வேண்டும், மகளைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான் அவளுக்கு வேண்டியிருந்தது. போனை எடுத்துப் பேசவும் பயம். நேரே போய் நிற்கவும் பயம். "இப்ப எதுக்கு வந்தே?" என்று மகள் கேட்டுவிட்டால்? கேட்க மாட்டாள் என்று என்ன நிச்சயம்? தான் பெற்ற பெண், தன்னைப் போலத்தானே இருப்பாள்.

அப்போதுதான் கஞ்சி யோசனை வந்தது. அம்மாவாகப் போனால்தானே விரட்டுவாள். கஞ்சி ஊற்றுகிற பொம்பளையாக ஆஸ்பத்திரி வாசலில் போய் நின்றால் யார் என்ன சொல்ல முடியும்? மருமகன் சாப்பாட்டுக்கு வெளியே வருவான். அவன் பாத்திரத்தில் ஒரு கரண்டி விழும். அதில் ஒரு வாய் மகள் வயிற்றுக்குள் போய்ச் சேர்ந்தால் போதும். அதற்கு மேல் கர்த்தர் பாடு.

புதன்கிழமை சாயங்காலம் சுல்தானாவின் டப்பா வரவில்லை, ஒரு பை வந்தது. தூக்கிப் பார்த்தால் நாலு படி இருக்கும் போல இருந்தது.

"இது என்னடி, கைப்பிடியா?"

"என் கை பெருசுக்கா" என்றாள் சுல்தானா.

சங்கத்துப் பெண்கள் கல் பொறுக்க வந்தார்கள். கிருபாவதி விடவில்லை. "நானே பாத்துக்குறேன், நீங்க பூண்ட உரிங்க" என்று முறத்தை மடியில் வாங்கிக்கொண்டாள். அவள் வலது கண்ணில் புரை விழுந்து ஒரு வருஷம் ஆகிறது. ஆபரேஷன் செய்துகொள்ளச் சொன்னால் அடுத்த மாசம் அடுத்த மாசம் என்று தள்ளிக்கொண்டு வருகிறாள். பியூலா போன பிறகு கஞ்சியில் கல் கடிபடுவது சபையில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. செக்ரட்டரியிடம் சொல்வதற்குத்தான் ஆள் இல்லை. அமிர்தம் ஒரு தடவை முறத்துக்குள் எட்டிப் பார்த்து வாயைத் திறந்தாள். கிருபாவதி ஒவ்வொரு மணியாக முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்ப்பதைக் கண்டு, பூண்டு உரிக்கப் போய்விட்டாள்.

வியாழக்கிழமை விடிந்ததும் கோயில் பின்கட்டில் அடுப்பு மூட்டி, பூண்டு, சீரகம், வெந்தயம், கொஞ்சம் தேங்காய்ப்பால் எல்லாம் போட்டுக் காய்ச்சி இறக்கினார்கள். பெரிய அண்டாவைக் கதிரவனின் குட்டி யானை வண்டியில் ஏற்றி, சாயாமல் சுற்றிலும் சாக்கு அடைத்து, கூடவே ஒரு டிரம்மில் வெந்நீரும் எடுத்துக்கொண்டார்கள். ஆலப்பாக்கம், புதுச்சத்திரம் தாண்டிப் போவதற்குள் கஞ்சி களி மாதிரி இறுகிவிடும், இளக்கிக்கொள்ள வெந்நீர் வேண்டும். கிருபாவதியும் அமிர்தமும் அண்டாவுக்கு ஆளுக்கு ஒரு பக்கமாகப் பின்னால் உட்கார்ந்துகொண்டார்கள். சத்யப்பிரியா முன்னால் டிரைவர் பக்கத்தில்.

வெள்ளாற்றுப் பாலம் ஏறும்போது கிருபாவதி தொண்டையைச் செருமினாள்.

"அக்கா, அன்னிக்குக் கூட்டத்துல நான் உங்கள..."

"அண்டாவப் புடி, சாயுது பாரு" என்றாள் அமிர்தம்.

அண்டா சாயவே இல்லை. கிருபாவதிக்கும் தெரியும். இருந்தாலும் பிடித்துக்கொண்டாள். கொஞ்ச தூரம் போனதும் அமிர்தம் தன் கையை அண்டாவின் விளிம்பு வழியாக நகர்த்தி அவள் கைமேல் வைத்துக்கொண்டாள். சிதம்பரம் வரும்வரை எடுக்கவில்லை.

ஆஸ்பத்திரி வாசலில் புங்கமரத்தடியில் இடம் கிடைத்தது. செக்யூரிட்டி வந்து பார்த்துவிட்டு, "ஓரமா நின்னு ஊத்துங்கம்மா, ஆம்புலன்ஸ் வந்தா வழி வுடணும்" என்று மட்டும் சொன்னார். மூடியைத் திறந்ததுதான் தாமதம், வாசனைக்கே ஜனம் கூடிவிட்டது. சொம்பு, டிபன் பாக்ஸ், தூக்கு, பிளாஸ்டிக் டப்பா என்று கையில் கிடைத்ததோடு வந்து நின்றார்கள்.

இங்கே கிருபாவதியின் சட்டம் ஒன்றைச் சொல்ல வேண்டும். முன்னொரு நாள் சங்கத்தில் ஒருத்தி, கஞ்சி வாங்க வந்த ஒரு ஆளிடம், "நீங்க எந்தக் கோயிலு?" என்று கேட்டுவிட்டாள். அந்த ஆள் ஊற்றிய கஞ்சியைக் கீழே வைத்துவிட்டுப் போயே போய்விட்டான். அன்றைக்கு கிருபாவதி போட்ட போடு இன்னும் யாருக்கும் மறக்கவில்லை. பேர் கேட்கக் கூடாது. ஊர், ஜாதி, சாமி எதுவும் கேட்கக் கூடாது. யாருக்கு என்ன வியாதி, எந்த வார்டு என்றும் கேட்கக் கூடாது. "கரண்டி புடிக்கிறவளுக்கு வாய் கெடையாது" என்று தீர்த்துச் சொல்லிவிட்டாள். போன மாதம்தான் சத்யப்பிரியா வாய் தவறி, "எந்த வார்டுங்க?" என்று கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டாள்.

இப்போது அந்தச் சட்டம் கிருபாவதியின் கழுத்திலேயே விழுந்தது. மருமகன் முகம் அவளுக்குத் தெரியாது. சுல்தானா ஒரு தடவை போனில் கல்யாணப் படத்தைக் காட்டினாள், இவள் வீம்புக்குக் கண்ணாடி போடாமல் பார்த்தாள். மாலை போட்ட இரண்டு உருவம் தெரிந்தது, அவ்வளவுதான். வரிசையில் வருகிற வாலிபப் பையன் ஒவ்வொருவனையும் உற்று உற்றுப் பார்த்தாள். இவனா? இவனுக்குக் கழுத்தில் சிலுவை டாலர் இருக்கிறது. அவனா? அவன் கை முழுக்க கிரீஸ், மெக்கானிக்காக இருப்பான். எதற்கும் இருக்கட்டும் என்று எல்லோருக்கும் கூடுதலாக அரைக் கரண்டி ஊற்றினாள்.

"செக்ரட்டரியம்மா, ஒரு கரண்டிதானே ரூலு?" என்றாள் துவையல் வைத்துக்கொண்டிருந்த சத்யப்பிரியா.

"நீ துவையலப் பாரு."

நெற்றியில் விபூதியோடு ஒரு பையன் வந்தான். தூக்கமில்லாத கண். கிருபாவதி அவன் பக்கமாகக் குனிந்தாள். "தம்பி, நீங்க யாருக்கு..." என்று ஆரம்பித்தேவிட்டாள்.

"கரண்டி புடிக்கிறவங்களுக்கு வாய் கெடையாதும்மா" என்றாள் சத்யப்பிரியா, நல்ல பிள்ளையாக.

அமிர்தத்துக்கு எங்கிருந்தோ இருமல் வந்தது. கிருபாவதி வாயை மூடிக்கொண்டாள். அந்தப் பையன், "எங்கப்பாவுக்குங்க, கால் ஆபரேஷன்" என்று தானே சொல்லிவிட்டுப் போனான்.

வரிசை குறைய ஆரம்பித்தது. அண்டாவில் கால் பாகம்தான் இருக்கும். மருமகன் வரப்போவதில்லை, வந்து வாங்கிக்கொண்டு போயிருந்தாலும் தெரியப்போவதில்லை. நல்ல யோசனை போ, என்று கிருபாவதி தன்னையே திட்டிக்கொண்டாள்.

கடைசி ஆட்களுக்குள் ஒரு அம்மா வந்து நின்றாள். பெரிய குங்குமம், கசங்கின நூல் சேலை, கையில் எவர்சில்வர் தூக்கு. நாலு நாளாக வீட்டுக்குப் போகாத களைப்பு முகத்தில் இருந்தது.

"ஏம்மா, புள்ள பெத்தவளுக்கு இதக் குடுக்கலாமா?"

கிருபாவதியின் கரண்டி அண்டாவுக்குள்ளேயே நின்றது. "குடுக்கலாம்" என்றாள். "பூண்டு, வெந்தயம்லாம் போட்டுருக்கு. காரம் இல்ல."

"அப்ப ஊத்துங்க. என் மருமவ ஒண்ணுமே வாயில வைக்க மாட்டேங்குறா. ரச சாதம் குடுத்தேன், வேணாம். இட்டிலி குடுத்தேன், வேணாம். புள்ள பெட்டிக்குள்ள கெடக்கு, அதப் போய்ப் பாக்குறதும் வந்து படுத்துக்கிட்டு அழுவுறதுமா இருக்கா. தாய்ப்பால் குடுக்கணும்ல, தின்னாத்தான சொரக்கும்?" அந்த அம்மா மூச்சு விட்டுக்கொண்டாள். "நான் எம்மாந்தான் பாத்தாலும் அவ அம்மா பாக்குற மாரி வருமா? அது கடலூர்ல இருக்குதாம். ரொம்பக் கண்டிப்பு போல. புள்ள பொறந்த சேதி தெரிஞ்சும் மனசு எறங்கல."

அமிர்தம் கையில் வெந்நீர்ச் சொம்போடு அப்படியே நின்றுவிட்டாள்.

நான்தான் அந்தக் கடலூர் அம்மா என்று சொல்ல கிருபாவதிக்கு வாய் வரவில்லை. எத்தனை பேரை எத்தனை பேச்சுப் பேசின வாய். இந்த அம்மாதான் தன் மகளுக்கு நாலு நாளாகத் தலைமாட்டில் உட்கார்ந்திருக்கிறாள், தன் பேத்தியைப் பார்த்திருக்கிறாள், தான் செய்ய வேண்டியதையெல்லாம் செய்திருக்கிறாள். அவள் காலில் விழுந்தாலும் தகும். ஆனால் கிருபாவதி செய்தது, கரண்டியை அண்டாவின் அடிவரை விட்டு, குழைந்ததாகப் பார்த்து அள்ளி, தூக்கு நிறைய ஊற்றியதுதான்.

"போதும்மா, போதும். அவ ஒரு வாய் குடிச்சாலே பெரிசு" என்று சொல்லிவிட்டு அந்த அம்மா தூக்கை முந்தானையால் பிடித்துக்கொண்டு உள்ளே போனாள்.

கஞ்சி தீர்ந்தது. கூட்டம் கலைந்தது. அண்டாவைக் கழுவி ஏற்றினால் கிளம்ப வேண்டியதுதான். ஆனால் அன்றைக்கு அமிர்தம் அந்த அண்டாவைக் கழுவிய கழுவல் இருக்கிறதே, அண்டா வாங்கின நாள் முதல் அப்படி ஒரு தேய்ப்பைக் கண்டிருக்காது. உள்ளே தேய்த்தாள், வெளியே தேய்த்தாள், கவிழ்த்துப் போட்டு அடியைத் தேய்த்தாள். சத்யப்பிரியாவுக்கு இதற்குள் விஷயம் விளங்கிவிட்டது. அவளும் ஒரு கரண்டியை எடுத்து வைத்துக்கொண்டு விடாமல் விளக்கினாள். கதிரவன் ஹாரன் அடித்தான்.

"அடிச்சன்னா பாரு. பொறுக்க மாட்டியா?" என்றாள் அமிர்தம்.

கிருபாவதி மரத்தில் சாய்ந்து நின்று ஆஸ்பத்திரி வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். "போவலாம்க்கா" என்றாள் கடைசியில். "ஒரு வாய் போயிருக்கும். அது போதும்." அவள் வண்டியில் ஏறக் காலை வைத்தபோது, பின்னால் யாரோ, "நில்லுங்கம்மா, நில்லுங்க" என்று கூப்பிடும் சத்தம் கேட்டது.

அந்த அம்மாதான். காலித் தூக்கோடு மூச்சிரைக்க ஓடி வந்தாள். நேரே கிருபாவதி முன்னால் வந்து நின்று, ஏற இறங்கப் பார்த்தாள்.

"மூடியத் தெறந்ததும் மோந்து பாத்தா. எங்க வாங்கினீங்கன்னா. யாரோ வாசல்ல ஊத்துறாங்கன்னேன். ஒரு வாய் குடிச்சா. சீரகச் சம்பா வாசம் வருது, பருக்க பாதி வெந்தும் வேவாமயும் இருக்கு, இந்தக் கஞ்சி ஒலகத்துல வேற எங்கயும் கெடையாது அத்தைன்னா. தூக்கக் கீழ வைக்கல, முழுசும் குடிச்சிட்டா. நான் மலைச்சிப் போய்ப் பாத்துக்கிட்டு நிக்கிறேன்." அந்த அம்மாவுக்கு மூச்சு வாங்கியது. "என் பேரு தாட்சாயிணி. உங்க சங்கத்துல பேரு கேக்க மாட்டீங்களாம், மருமவ சொன்னா. அதனால நானே சொல்லிடுறேன்."

கிருபாவதிக்குக் கண் மறைத்தது. "என்னப் பாக்கணும்னு சொன்னாளா?"

"அப்படிச் சொல்லல" என்றாள் தாட்சாயிணி. "அவுங்க போயிடுவாங்க அத்தை, ஓடுங்க, ஓடுங்கன்னா. வாங்க சம்பந்தி."

சம்பந்தி என்ற அந்த வார்த்தையைக் கேட்டதும் கிருபாவதி உடைந்துவிட்டாள். அத்தனை பேர் பார்க்க, ஆஸ்பத்திரி வாசலில், தாட்சாயிணியின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதாள். பிறகு இடுப்பிலிருந்த சாவியை எடுத்து அமிர்தத்தின் கையில் கொடுத்தாள். "நேரமாவும்க்கா. நீங்க போயிக் கோயிலத் தொறந்து அண்டாவ வையுங்க. இனிமே இது உங்ககிட்டயே இருக்கட்டும்" என்றாள். அமிர்தம் கிருபாவதியின் முகத்தைத் தன் முந்தானையால் துடைத்து, "மொதல்ல போ" என்று முதுகில் கைவைத்துத் தள்ளிவிட்டாள்.

வார்டில் பியூலா சுவரைப் பார்த்து ஒருக்களித்துப் படுத்திருந்தாள். இளைத்திருந்தாள். கட்டில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு பையன் சட்டென்று எழுந்து நின்று, கும்பிடுவதா வேண்டாமா என்று தெரியாமல் கையைப் பாதி தூக்கினான். அவன்தான் சிவகுரு. நல்ல முகமாகத்தான் இருந்தது. கிருபாவதி அவன் கையைப் பிடித்து அழுத்திவிட்டுக் கட்டிலுக்குப் பக்கத்தில் போய் நின்றாள். அவள் கையில் இன்னும் கஞ்சி வாசனை இருந்தது.

பியூலா திரும்பவில்லை. அம்மா வந்தது அவளுக்குத் தெரிந்துதான் இருந்தது. போர்வைக்குள் அவள் தோள் குலுங்குவது தெரிந்தது. தாட்சாயிணி மகனை இழுத்துக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

பியூலா சுவரைப் பார்த்தபடியே பேசினாள்.

"கஞ்சியில கல்லு கெடந்துச்சு."

கிருபாவதிக்கு முறம் ஞாபகம் வந்தது. ஒவ்வொரு மணியாகக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தது ஞாபகம் வந்தது.

"பொறுக்குனேன்டி. நேத்து சாயங்காலம் பூரா உக்காந்து பொறுக்குனேன்" என்றாள். "எனக்குக் கண்ணு தெரியல, பாப்பா. பொறுக்க ஆளு இல்ல."

பியூலா திரும்பினாள். தையல் இழுத்திருக்கும், முகத்தைச் சுளித்துக்கொண்டுதான் திரும்பினாள். அம்மாவின் கையைப் பிடித்து இழுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள்.

"புதன்கெழம அரிசிய இங்க எடுத்துட்டு வா" என்றாள். "சும்மாத்தானே படுத்திருக்கேன். பொறுக்கித் தரேன்."